நிற்காத கட்டிலுக்கு ஒரு விரிப்பு

கட்டில் இன்னும் நிற்கவில்லை. கட்டில் விரிப்பு முக்கால்வாசி முடிந்துவிட்டது. இப்படித் தலைகீழாக வேலை செய்கிறவர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்களோ தெரியாது. கண்ணாடிக்கடை அக்கா ஒருத்தி இருந்தாள்.

கட்டிலின் பலகைகள் சின்ன அறையின் கதவுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றன. தலைமாட்டுப் பலகையில், மகள் சின்னவளாக இருந்தபோது ஒட்டிய பட்டாம்பூச்சி ஸ்டிக்கர்கள் உரிந்தும் உரியாமலும் இருந்தன. கதவைத் திறக்கும்போதெல்லாம் பலகை டொக்கென்று இடிக்கும். மெத்தை தரையில் கிடந்தது. அதைச் சுற்றிப் பிரிக்காத அட்டைப்பெட்டிகள். மகள் அந்தப் பெட்டிகளின் மேலேதான் புத்தகம் வைத்தாள், சீப்பு வைத்தாள், பரீட்சைக்குப் படித்தாள். குடிவந்து மாதங்கள் ஆகியும் அந்த வீட்டைப் பார்த்தால் நேற்று வந்த மாதிரி இருந்தது, அல்லது நாளைக்குப் போகப்போகிற மாதிரி.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். கடைக்கு வருகிறவர்கள் மட்டுமல்ல, கீழ்வீட்டில் குடியிருந்த டீச்சரும் அப்படித்தான் கூப்பிட்டார். கடையின் பின்பக்கத்தில், விளக்கு பொருத்திய சின்ன மேஜை அவளுடையது. தளர்ந்துபோன சட்டங்களை முடுக்குவது, காது பக்கத்தை வளைத்துக் கொடுப்பது, மூக்கில் பதிகிற சிலிக்கான் துண்டை மாற்றுவது எல்லாம் அவள் வேலை. கடுகு அளவுத் திருகு கைதவறி விழுந்தால், விழுந்த சத்தத்தை வைத்தே மேஜைக்கு அடியிலா, அலமாரி ஓரத்திலா என்று சொல்லிவிடுவாள். முதலாளி வாடிக்கையாளர்களிடம் இதைச் சொல்லிப் பெருமையடித்துக்கொள்வார், ஏதோ அவர் சொல்லிக்கொடுத்தது போல.

ஊரார் கண்ணாடிக்கெல்லாம் திருகு முடுக்குகிறவளின் வீட்டில், ஒரு கட்டிலை நிறுத்தத் திருகு இல்லை. இதைச் சொல்லி அவள் அண்ணன் ஒருமுறை சிரித்தார். வேறு யாரும் சிரிக்காததால் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

கணவரைப் பிரிந்து மகளோடு தனி வீடு வந்தவள் அழுவாள், யாரையாவது பிடித்துத் திட்டித் தீர்ப்பாள் என்று அண்ணன் எதிர்பார்த்தார். அவளும்தான் எதிர்பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. ரொம்ப நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, அப்படி உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது. பசித்தால் அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் நின்றபடியே சாப்பிட்டாள். மிச்சத் தட்டுகள் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்று தேடாமல், கைக்குக் கிடைத்த இரண்டையே கழுவிக் கழுவிப் புழங்கினாள். யாராவது "எப்படி இருக்கே?" என்று கேட்டால் "இருக்கேன்" என்பாள். பொய்யில்லை, இருந்தாள்.

கை மட்டும் சும்மா இருக்கவில்லை. வேலை விட்டு வந்ததும் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்து குரோஷா ஊசியை எடுத்தால், தூக்கம் வரும்வரை பின்னிக்கொண்டிருப்பாள். உள்ளங்கையளவு கட்டம் கட்டமாகப் பின்னி, கட்டங்களை ஒன்றோடொன்று கோத்து, மகளின் கட்டிலுக்கு ஒரு விரிப்பு. அதில் ஆசையும் இல்லை, சந்தோஷமும் இல்லை. முன்பெல்லாம் ஒரு கட்டம் முடிந்தால் தூர நீட்டிப் பிடித்து அழகு பார்ப்பாள். இப்போது முடிந்ததும் அடுத்ததை ஆரம்பித்தாள்.

கீழ்வீட்டு டீச்சர் நல்ல மனுஷி. வகுப்பில் சொல்கிற மாதிரியே வீட்டிலும் சொல்வார். "ஒரு பெட்டியைப் பிரி, அப்புறம் ஒரு கட்டம் பின்னு. மறுபடி ஒரு பெட்டி, ஒரு கட்டம். வீடும் ஒழுங்காகும், கைவேலையும் நடக்கும். என்ன, சரியா?"

சரி என்று தலையாட்டிவிட்டு அன்றே ஒரு பெட்டியைப் பிரித்தாள். சுவர்க்கடிகாரம் இருந்தது. ஆணி இல்லாததால் அதைத் தரையில் சுவரோரமாகச் சாய்த்து வைத்தாள். அது அங்கேயே ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் பிரித்த பெட்டியில் மேலாகவே கணவரின் மழைக்கோட்டு கிடந்தது, எப்படியோ கலந்து வந்துவிட்டது. பெட்டியை மூடி, பிரித்த டேப்பின் மேலேயே புது டேப்பை ஒட்டினாள். அதற்குப் பிறகு டீச்சரின் திட்டத்தில் பெட்டி கழன்றுகொண்டது, கட்டம் மட்டும் நிலைத்தது.

அவளுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. கம்பளி நூலை உருண்டையாகச் சுற்றும்போது நடுவில் வைத்துச் சுற்ற ஏதாவது வேண்டும் அவளுக்கு. தீப்பெட்டியோ பேனா மூடியோ மடித்த பஸ் டிக்கெட்டோ, கைக்கு எது அகப்பட்டாலும் அதன்மேல் சுற்ற ஆரம்பித்துவிடுவாள். மகள் பள்ளியில் தொலைத்ததாக அடி வாங்கிய அழிரப்பர் பல மாதம் கழித்து ஒரு ரோஜா நிற உருண்டைக்குள்ளிருந்து வெளியே வந்தது. அப்போது மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். மகளுக்கும் சுற்றப் பிடிக்கும். ஆனால் கயிறு திரிக்கிற மாதிரி இறுக்குவாள். "ரொம்ப இறுக்கிச் சுத்தாதே, நூல் செத்துப்போகும்" என்று அம்மா சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

மகளுக்கு வீட்டில் வாலு என்று பெயர். பதினான்கு வயது. இந்த வீட்டுக்கு வந்தபின் அந்தப் பெயருக்கு வேலையில்லாமல் போனது. கேட்டதற்குப் பதில் சொல்வாள், சொன்ன நேரத்துக்கு வருவாள், தன் துணியைத் தானே மடிப்பாள். வாலு இவ்வளவு ஒழுங்காக இருந்ததே அம்மாவுக்குக் கலக்கமாக இருந்திருக்க வேண்டும்.

பழைய வீட்டிலிருந்து கிளம்பிய அன்று கட்டிலைக் கழற்றியது கணவர்தான். உள்ளறையில் அவர் ஒவ்வொரு பலகையாகப் பிரித்துக்கொண்டிருந்தார். இவள் கூடத்தில் உட்கார்ந்து, அவிழ்ந்து கிடந்த நூல்களையெல்லாம் மூட்டை கட்ட வசதியாக உருண்டை சுற்றிக்கொண்டிருந்தாள். சண்டையில்லை. பேச எதுவும் மிச்சமில்லாமல் போன இருவர், ஆளுக்கொரு வேலையாகச் செய்து ஒரு குடும்பத்தைப் பிரித்துவைத்தார்கள். புது வீட்டில் சாமான் இறக்கிய பிறகு பார்த்தால் பலகைகள் இருந்தன, திருகுகள் இல்லை.

"உங்க அப்பாகிட்டதான் இருக்கும். வேணும்னே வெச்சிருப்பார்" என்றாள் மகளிடம். போனிலும் அதையே சொன்னாள்.

"உன் கையிலதானே கொடுத்தேன்" என்றார் அவர்.

"கொடுக்கல. கொடுத்திருந்தா எனக்குத் தெரியாதா?"

அந்த மாதங்களில் அவள் அடித்துப் பேசியது அந்த ஒன்றுதான். மகள் அம்மாவை நம்பினாள். அப்பாவைக் கூப்பிட்டு, "ஒரு கட்டில் திருகைக்கூட விட மனசு வரலையா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு, கொஞ்ச காலம் அவரோடு பேசாமலே இருந்தாள். பிறகு அவரே விடாமல் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பேச்சு மறுபடி தொடங்கியது. அதன்பின் திருகைப் பற்றி மகள் அம்மாவிடம் வாய் திறக்கவில்லை. பரீட்சை நெருங்கும்போதுதான் திறந்தாள்.

"அம்மா, ஊசியைக் கீழே வை."

வைத்தாள்.

"அப்பா வீட்டுல எனக்கு ரூம் இருக்கு, கட்டில் இல்ல. இங்க கட்டில் இருக்கு, ரூம் இல்ல. குடோன்லதான் படுத்திருக்கேன். பரீட்சை முடியறதுக்குள்ள இந்தக் கட்டில் நிக்கணும். நிக்கலைன்னா நான் அப்பாகிட்ட போயிடுவேன். லீவுக்கு இல்ல, மொத்தமா."

"ம்" என்றாள் அம்மா.

"ம்-னா என்ன அர்த்தம்?"

அம்மா ஊசியை மறுபடி எடுத்துக்கொண்டாள். மகள் போய்விட்டால் இந்த வீட்டில் தானும் பெட்டிகளும்தான் என்பது அவளுக்குத் தெரிந்தது. மகள் போகக்கூடாது என்பதும் தெரிந்தது. நெஞ்சில் அடித்துக்கொண்டு அழ வேண்டிய விஷயம். ஆனால் பக்கத்து வீட்டு டிவிச் சத்தம் மாதிரி அது சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது.

அண்ணனிடம் சொன்னாள். அண்ணன் எதையும் பை நிறையச் செய்கிற ஆள். இரும்புக்கடையில் இருந்த போல்ட்டுகளில் வகைக்கொன்றாக அள்ளிக்கொண்டு வந்தார். ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்று ஓட்டைக்குள் போனது, ஆனால் மறைக்கு மறை பிடிக்காமல் சும்மாவே சுற்றியது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "சனியனைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடலாம். நான் வாங்கித் தரேன், என்னடி வாலு?" என்றார்.

"மாமா, நான் கட்டில் கேக்கல. இந்தக் கட்டில் கேட்டேன்."

அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

அடுத்து ஒரு தச்சரை அழைத்து வந்தாள். அவர் பலகையைத் தட்டிப் பார்த்தார், ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார், ஸ்டிக்கரைப் பார்த்து லேசாகச் சிரித்தார். "இது அந்தக் கம்பெனிக்காரன் அளவும்மா, வெளியில சிக்காது. பசை போட்டு, நல்லா நீள ஆணியா அடிச்சு இறுக்கிடறேன். யானை ஏறினாலும் அசையாது. ஒண்ணே ஒண்ணு, அதுக்கப்புறம் கழட்ட முடியாது. வீடு மாத்தினீங்கன்னா அறுத்துத்தான் எடுக்கணும். அடிச்சிடட்டுமா?"

அடிங்க என்று சொல்லியிருக்கலாம். அரைமணி நேர வேலை. மகள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யோசிச்சு சொல்றேன்" என்றாள்.

தச்சர் போனதும் மகள் கேட்டாள்: "இதுல யோசிக்க என்ன இருக்கு? நாம திரும்பக் கழட்டப் போறோமா?"

கழற்றப் போகிறோம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. இதுதான் நம் வீடு என்று அவள் இன்னும் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவில்லை. அதை மகள் கண்டுபிடித்துவிட்டாள். அம்மா விரிப்பை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"நல்லா பின்னு. எங்க விரிக்கப் போறே, பெட்டி மேலயா?" என்று சொல்லிவிட்டு மகள் உள்ளே போனாள். கதவு பலகையில் டொக்கென்று இடித்தது.

பரீட்சை முடிந்தது. அடுத்த ஞாயிறு மாலை அப்பா வந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு. அன்று காலையிலேயே மகளின் பை கட்டி வாசல் கதவோரம் வைத்தாயிற்று. நாலு நாள் துணிக்குரிய பை இல்லை அது, புடைத்துப்போயிருந்தது.

அம்மா விடிந்ததிலிருந்து விரிப்பின் ஓரத்தைப் பின்னிக்கொண்டிருந்தாள். எப்படியாவது இன்று முடித்துவிட வேண்டும். மகள் கொண்டுபோகட்டும். போகாதே என்று சொல்ல வராதவளுக்கு இதுதான் வந்தது. மூன்று பக்கம் முடிந்து நான்காவது பக்கத்தை ஆரம்பிக்கும்போது நீல நூல் தீர்ந்துபோனது. ஞாயிற்றுக்கிழமை நூல்கடை இருக்காது. கைவேலைப் பெட்டியின் அடியில் துழாவினாள். அந்த வீட்டில் வந்த அன்றே பிரித்த பெட்டி அது ஒன்றுதான். அடியில் சாம்பல் நிற உருண்டை ஒன்று மிச்சமிருந்தது.

அது கணவருக்கு ஸ்வெட்டர் பின்னுவதற்காக எப்போதோ வாங்கியது. பின்னவும் இல்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை. இத்தனை நாளும் மற்ற நிறங்களையெல்லாம் எடுத்துத் தீர்த்தவள் இதை மட்டும் தொடவில்லை. இன்று வேறு வழியில்லாமல் எடுத்தாள். கை நிறையக் கனத்தது. நல்ல நூல் கனக்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டு நுனியைத் தேடிப் பிடித்துப் பின்ன ஆரம்பித்தாள்.

மகள் எதிர்ப்பெட்டியில் வந்து உட்கார்ந்தாள். "இதை நான் எதுக்கு எடுத்துட்டுப் போகணும்? கட்டிலோட அளவுக்குப் பின்னிட்டு, கட்டிலை இங்க வெச்சுக்கிட்டு."

"குளிருக்குப் போத்திக்க."

"அங்க குளிராது."

அம்மா நூலை வெடுக்கென்று இழுத்தாள். பெட்டியின் விளிம்பில் இருந்த உருண்டை நழுவித் தரையில் விழுந்தது.

ணங்.

கம்பளி உருண்டை அப்படிச் சத்தம் போடாது. அவளுக்குத் தெரியாத சத்தமா அது? நாள் முழுக்க அந்தச் சத்தத்தோடு பிழைப்பு நடத்துகிறவள். ஊசி கையிலேயே நின்றது. மகள் குனிந்து உருண்டையை எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்கினாள்.

"அம்மா" என்றாள்.

கத்தரிக்கோல் பக்கத்திலேயே இருந்தது. இருவருக்கும் அது தோன்றவில்லை. மகள் உருண்டையை உருட்ட, அம்மா நூலை இழுக்க, சாம்பல் நூல் தரையில் குவிந்துகொண்டே போனது. கடைசிச் சுற்று கழன்றதும் மருந்துக்கடைக் காகித உறை ஒன்று மகளின் உள்ளங்கையில் இருந்தது. நான்காக மடித்து ரப்பர் பேண்டு போட்டது. உள்ளே போல்ட்டுகள், உருளை நட்டுகள், முடுக்குவதற்கான வளைந்த சாவி. ஒன்றும் குறையவில்லை.

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கை நீண்டது. "பத்திரம்" என்று ஒரு குரல் கேட்டது. நிமிர்ந்து பார்க்கவில்லை. நடுவில் வைத்துச் சுற்ற ஏதாவது வேண்டியிருந்தது, கையில் ஒன்று வந்தது, சுற்றிவிட்டாள்.

"அப்பா எடுக்கல" என்றாள் மகள். அது கேள்வி இல்லை.

"இல்ல. நான்தான்."

"நான் அவரை என்னவெல்லாம் கேட்டேன் தெரியுமா?"

"தெரியும்."

மகள் போனை எடுத்து நம்பரைப் போட்டு அம்மாவின் கையில் திணித்தாள். "நீயே சொல்லு."

அவர் எடுத்தார். அவள் மென்று விழுங்காமல் சொன்னாள். "கட்டில் போல்ட்டு கிடைச்சுடுச்சு. நூல் உருண்டைக்குள்ள இருந்தது. நீங்க என்கிட்டதான் கொடுத்திருக்கீங்க. உங்க மேல பழி போட்டது என் தப்பு."

அவர் சொன்னார்: "நீ கையை நீட்டி வாங்கினே. ஆனா என்னைப் பார்க்கல. அன்னிக்கே நினைச்சேன், எங்கயோ போயிடும்னு."

"ம்."

"சாயங்காலம் நான் வரட்டுமா? அவ கிளம்பி இருக்காளா?"

அவள் மகளைப் பார்த்தாள். அவளை அப்படி நேராகப் பார்த்து எத்தனை நாளாயிற்றோ. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. தரையில் படுத்துச் சரியான தூக்கமில்லாத முகம். இதைக்கூடப் பார்க்காமல் இருந்திருக்கிறேனே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. போனைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"நீ போக வேண்டாம்" என்றாள். "எனக்கு நீ இங்க இருக்கணும்."

"இதைச் சொல்ல உனக்கு இவ்வளவு நாளாச்சா?"

"ஆச்சு."

மகள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். "அடுத்த வாரம் வந்து ரெண்டு நாள் தங்கறேன்னு சொல்லு. அவர்கிட்ட நானும் மன்னிப்புக் கேக்கணும். இன்னிக்கு இங்க வேலை இருக்கு" என்றாள்.

வேலை நிறையவே இருந்தது. கட்டிலை நிறுத்த இடம் வேண்டுமே. பெட்டிகளைக் கூடத்துக்குத் தள்ளினார்கள். தள்ள இடம் போதாமல் இரண்டைப் பிரித்தே ஆகவேண்டியிருந்தது, தட்டுகள் கிடைத்தன. மகள் பலகையைப் பிடிக்க, அம்மா தரையில் மல்லாந்து படுத்து, வளைந்த சாவியால் ஒவ்வொரு போல்ட்டாக முடுக்கினாள். கடைத் திருகுக்குப் பழகிய விரல்களுக்கு இது முரட்டு வேலை. சாவி உள்ளங்கையில் பதிந்து தோல் சிவந்தது. கடைசி போல்ட்டுக்கு வரும்போது கை விண்விண்ணென்று தெறித்தது. அழுகை இப்போதாவது வரும் என்று நினைத்தாள், வரவில்லை. வலிதான் வந்தது. மாதக்கணக்கில் எதுவும் உறைக்காதவளுக்கு வலி உறைத்தது. அது நன்றாக இருந்தது.

கட்டில் நின்றது. வாலு அதில் தொப்பென்று விழுந்து பார்த்தாள், புரண்டு பார்த்தாள், எழுந்து நின்று ஒரு குதி குதித்தும் பார்த்தாள். "ஏய், உடையப்போகுது!" என்று அம்மாவுக்குப் பழைய குரல் வந்துவிட்டது. விரிப்பைப் போட்டார்கள். மூன்று பக்கம் நீலம், நான்காவது பக்கம் பாதிவரை சாம்பல், மீதி மொட்டையாக. அந்தப் பக்கத்தைச் சுவரோரம் தள்ளிவிடலாம் என்றாள் அம்மா. வேண்டாம், கண்ணில் படட்டும் என்றாள் மகள்.

அம்மா வளைந்த சாவியை நீட்டினாள். "இந்தா, இதை நீயே வெச்சுக்கோ. என்னை நம்ப முடியாது. கழட்டணும்னா இது வேணும்."

மகள் சாவியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாசலோரம் இருந்த பைக்குள் போடப்போகிறாளோ என்று அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அந்தப் பக்கம் போகவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குவிந்து கிடந்த சாம்பல் நூலின் நுனியைத் தேடி எடுத்து, சாவியின்மேல் வைத்துச் சுற்ற ஆரம்பித்தாள்.

அம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் எதிரில் உட்கார்ந்து, சிக்கு விழாமல் நூலை எடுத்து எடுத்துக் கொடுத்தாள்.

"ரொம்ப இறுக்கிச் சுத்தாதே" என்றாள், பழக்க தோஷத்தில்.

"இறுக்கித்தான் சுத்துவேன்" என்றாள் வாலு.